நம்ம ஏரியா டிராபிக்கை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது எப்படி? வடசென்னைக்கு ஒரு வழிகாட்டி

எண்ணூர் விரைவுச்சாலையில் இடது ஓரம் முழுக்க கண்டெய்னர் லாரி நிற்கும், மிச்சமிருக்கும் இடத்தில் பஸ், ஷேர் ஆட்டோ, டூவீலர் எல்லாம் பிதுங்கிக்கொண்டு போகும். ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ரோடு அகலம் பத்தாது, சிக்னல் சரியில்லை, லாரிக்காரர்கள் ஒழுங்காக நிறுத்துவதில்லை, போலீஸ் இல்லை. இதில் எது எவ்வளவு காரணம் என்று ரோட்டிலேயே மாற்றி மாற்றிப் பார்க்க நமக்கு யாரும் இடம் தரமாட்டார்கள். கம்ப்யூட்டரில் பார்க்கலாம். சாதாரண லேப்டாப் போதும், மென்பொருள் இலவசம், தெருவில் நின்று எண்ணுவதற்கு இரண்டு மூன்று நண்பர்கள் வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வகை மென்பொருள்களில் பெரும்பாலானவை லேன் பிடித்து வண்டி ஓட்டும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதை அப்படியே எடுத்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை மேல் வைத்தால் திரையில் ஓடுவது வேறு ஏதோ ஊர். அதனால் இந்தக் கட்டுரையில் மென்பொருளை நிறுவும் கதை கொஞ்சம்தான் இருக்கும். அதை நம்ம ரோட்டுக்கு வளைப்பதும், தெருவில் போய் எண்ணுவதும்தான் அதிகம்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"வடசென்னை டிராபிக்கை மாடல் பண்ணப் போறேன்" என்று ஆரம்பித்தால் முடியவே முடியாது. ஒரு சந்திப்பு, அதன் ஒவ்வொரு கையிலும் (அங்கே வந்து சேரும் ஒவ்வொரு சாலையிலும்) ஒரு கிலோமீட்டர், ஒரே ஒரு கேள்வி. இடது ஓரத்தில் நிற்கும் லாரி வரிசை இல்லாவிட்டால் காலை எட்டிலிருந்து பத்துக்குள் பஸ் எத்தனை நிமிஷம் முன்னதாகப் போகும்? தேரடியில் பஸ் நிறுத்தத்தை சந்திப்பிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளிப் போட்டால் பின்னால் நிற்கும் வரிசை குறையுமா? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம் சீக்கிரம் திறந்தால் என்ன மிச்சம்? இப்படி, பதில் நிமிஷத்திலோ மீட்டரிலோ வரக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். "நெரிசல் குறையுமா" என்பதற்கு எந்த மாடலாலும் பதில் சொல்ல முடியாது.

மென்பொருளும் முதல் பயிற்சியும்

நான் சொல்லப்போவது சூமோ. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர் 2001லிருந்து வெளியிட்டு வரும் திறமூல மென்பொருள் இது, இப்போது எக்லிப்ஸ் அமைப்பின் கீழ் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், கூடவே பைத்தான் என்ற நிரல்மொழியும் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஆலோசனை நிறுவனங்கள் பிடிவி நிறுவனத்தின் விசிம் மாதிரி விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களைப் பயன்படுத்துவார்கள். நமக்கு சூமோ தாராளமாகப் போதும்.

உங்கள் சந்திப்பை வரைவதற்கு முன்னால் ஒரு வட்டத்தை வரையுங்கள். ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள் என்றார்கள். சிக்னல் கிடையாது, குழி கிடையாது, யாரும் குறுக்கே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு தேக்கம் உண்டாகி, வண்டிகள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. 2008ல் வெளியான அந்தச் சோதனையை சூமோவில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். நெட்எடிட் என்ற வரைபடக் கருவியில் வளைந்த துண்டுகளை இணைத்து வட்டமாக்குங்கள், ஒரே வழித்தடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுமாறு கொடுங்கள், 22 கார்களை விடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சூமோவில் காரின் நீளம் 5 மீட்டர், நின்றால் முன்வண்டிக்கு விடும் இடைவெளி 2.5 மீட்டர், ஓடும்போது அதோடு 1 வினாடி தூரம் சேரும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 1 வினாடி 8.3 மீட்டர். ஆக ஒரு காருக்கு ஏறக்குறைய 16 மீட்டர் வேண்டும், 230ஐ அதால் வகுத்தால் 14 சொச்சம். எண்ணிக்கை அந்தப் பக்கம் இறங்கும்போது தேக்கம் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இந்தச் சின்னக் கணக்கு பிடிபட்டால் மாடலின் அடிப்படை பிடிபட்ட மாதிரி. ஒரு கிலோமீட்டரில் எத்தனை வண்டி இருக்கிறதோ அதை வேகத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டி எண்ணிக்கை. கிலோமீட்டருக்கு 40 வண்டி, 30 கிலோமீட்டர் வேகம் என்றால் மணிக்கு 1200. வண்டி கூடக்கூட வேகம் இறங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் வண்டி கூடினாலும் கடந்து போகும் எண்ணிக்கை குறையத் தொடங்கும். 1935ல் அமெரிக்கப் பொறியாளர் கிரீன்ஷீல்ட்ஸ் இந்த உறவை எழுதியதிலிருந்து இன்றைய மாடல்கள் வரை எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன.

வரைபடத்தை இறக்குவது

சூமோவோடு வரும் ஓஎஸ்எம் வெப் விசார்டைத் திறந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பெட்டி போட்டுத் தேர்ந்தெடுத்தால் சாலை வலை தானாக வந்துவிடும். இடதுபுறப் போக்குவரத்து என்ற தேர்வை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லா வண்டியும் வலதுபக்கம் ஓடும். வந்ததை அப்படியே நம்பவும் கூடாது. லேன் எண்ணிக்கை பல இடங்களில் ஊகம்தான், சிக்னல் இருக்கும் இடத்தில் இல்லாமலும் இல்லாத இடத்தில் இருந்தும் வரும், நடுவில் தடுப்புச்சுவர் இருப்பது தெரியாது. நெட்எடிட்டில் ஒவ்வொரு கையாகத் திருத்துங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அகலத்தை அளக்கும்போது காகிதத்தில் இருக்கும் அகலத்தை எழுதாதீர்கள், வண்டி உண்மையில் ஓடும் அகலத்தை எழுதுங்கள். பழக்கடை, நிறுத்திய ஆட்டோ, மணல் மேடு, மெட்ரோ தூணின் அடிப்பகுதி எல்லாம் போக மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் ரோடு. டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கம் போகும்போது மெட்ரோ தலைக்கு மேலே ஓடுவதால் தூண்கள் எங்கெங்கே இடத்தைத் தின்கின்றன என்று நேரில் போனால்தான் தெரியும்.

எண்ணுவது

இதுதான் முழு வேலையின் உயிர். சூமோவில் ரேண்டம் டிரிப்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது, பட்டனைத் தட்டினால் வண்டிகளை வாரி இறைக்கும். மென்பொருளைப் பழகுவதற்கு அது நல்லது. அதை வைத்துக்கொண்டு உங்கள் சந்திப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசக்கூடாது.

நாலு கை உள்ள சந்திப்பு என்றால் ஒவ்வொரு கையிலிருந்தும் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மொத்தம் 12 ஓட்டங்கள். யூ டர்ன் அதிகமென்றால் அதுவும் தனி. ஒரு கைக்கு ஒரு ஆள், 15 நிமிஷத்துக்கு ஒரு கட்டம், வண்டி வகைவாரியாகக் கோடு போடுங்கள். டூவீலர், கார், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, சின்ன லோடு வண்டி, பஸ், லாரி, கண்டெய்னர் டிரெய்லர், சைக்கிள், மீன்பாடி வண்டி. எந்த மென்பொருளின் பட்டியலிலும் மீன்பாடி வண்டி கிடையாது, அதனாலேயே அதை விட்டுவிடாதீர்கள். பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி காலை நேரத்தில் மெதுவாக ஏறினால் பின்னால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். உயரத்திலிருந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து மெதுவாக எண்ணலாம். ஆனால் மாடி வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், சந்திப்பில் இருக்கும் போக்குவரத்துக் காவலரிடமும் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். துறைமுக வாசல் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம், அங்கே கோடு போட்டு எண்ணினால் போதும்.

எந்த நாள் என்பது முக்கியம். காசிமேடு பக்கம் ஞாயிறு காலையை எண்ணி அதைச் சாதாரண நாள் என்று எழுதிவிடக் கூடாது. தேரடி பக்கம் பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் வடிவுடையம்மனைப் பார்க்க வரும் கூட்டம் வேறு, சாதாரண செவ்வாய்க்கிழமை வேறு. பள்ளி விடுமுறையா, மழையா, மீன்பிடித் தடைக்காலமா என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். செவ்வாய், புதன், வியாழன் ஆகியவற்றில் இரண்டு நாளாவது எண்ணினால் சாதாரண நாளின் முகம் தெரியும்.

வண்டி எண்ணிக்கையோடு இன்னும் மூன்றை அளக்க வேண்டும். சிக்னலின் ஒவ்வொரு பச்சையும் எத்தனை வினாடி என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள், நெரிசல் நேரத்தில் காவலர் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் இருபது முப்பது சுற்றாவது அளந்து அதன் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் எடுங்கள். வரிசை எந்தக் கடை வரைக்கும் நிற்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குறியுங்கள். அப்புறம் பஸ்ஸில் ஏறி, நீங்கள் வரைந்த பகுதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள், டூவீலரிலும் அதையே செய்யுங்கள். இதில் பச்சை நேரம் மட்டும் மாடலுக்குள் போகும், மற்ற இரண்டையும் உள்ளே ஊட்டாமல் தனியே வைத்திருங்கள், பிறகு மாடலைச் சோதிக்க இவைதான் சாட்சி.

கையில் வந்த எண்களை ஒரு தடவை காகிதத்திலேயே போட்டுப் பாருங்கள். சாலைகளுக்கு நெறிமுறை எழுதும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று மதிப்பு இருக்கிறது. டூவீலர் 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 அல்லது 2, பஸ்ஸும் லாரியும் 2.2 அல்லது 3.7. மொத்தப் போக்குவரத்தில் அந்த வகையின் பங்கு 5 சதவீதத்துக்குள் என்றால் முதல் எண், 10 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் இரண்டாவது. சிக்னல் கையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரம் முழுக்கப் பச்சையாகவே இருந்தால் எத்தனை கார் அளவு கடக்கும் என்பதற்கு ஒரு தோராயம் கிடைக்கும். 7 மீட்டர் என்றால் 3675. 120 வினாடிச் சுற்றில் 30 வினாடிதான் பச்சை என்றால் அதில் கால்பங்கு, சுமார் 919. நீங்கள் எண்ணி மாற்றிய எண் அதைவிடக் கூடுதலாக வந்தால், அகலத்தைத் தப்பாக அளந்திருக்கிறீர்கள், அல்லது வண்டிகள் சிவப்பிலும் போகின்றன. இரண்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வண்டிகளை நம்ம வண்டிகளாக்குவது

சூமோவில் இயல்பாக ஒரு லேனில் பக்கவாட்டில் ஒரு வண்டிதான். நம்ம ஊரில் அதே 3 மீட்டரில் ஒரு ஆட்டோவும் இரண்டு டூவீலரும் நிற்கும். இதைச் சரிசெய்ய சப்லேன் மாடல் இருக்கிறது. லேட்டரல் ரெசொல்யூஷன் என்ற அமைப்புக்கு 0.4 என்று கொடுத்தால், 3.2 மீட்டர் லேன் எட்டு மெல்லிய பட்டைகளாகப் பிரியும், வண்டிகள் பக்கவாட்டில் நழுவி நழுவி முன்னால் போகும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் வடசென்னையை மாடல் செய்வதில் அர்த்தமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து ஒவ்வொரு வண்டிக்கும் அளவு. டூவீலர் நீளம் 1.9, அகலம் 0.7 மீட்டர் போடலாம். ஆட்டோ 2.6 நீளம், 1.3 அகலம். பஸ் 12 மீட்டர். டிரெய்லர் வகைக்கு சூமோவே 16.5 மீட்டர் வைத்திருக்கிறது, 40 அடி கண்டெய்னர் மட்டும் 12.2 மீட்டர், முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் அது பொருத்தமான அளவுதான். மீன்பாடி வண்டியை நீங்களே போய் அளந்துவிடுங்கள், எல்லாம் ஒரே அளவில் இருக்காது. நின்றால் முன்வண்டிக்கு விடும் இடைவெளி இயல்பாக 2.5 மீட்டர். நம்ம டூவீலருக்கு 0.5, ஆட்டோவுக்கு 0.7, காருக்கு 1 என்ற மாதிரி ஆரம்பித்து, வரிசையைப் போட்டோ எடுத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். பக்கவாட்டு இடைவெளி இயல்பாக 0.6, டூவீலருக்கு 0.2 போதும். லேனுக்குள் எங்கே ஓட வேண்டும் என்பதற்கு நடுவில் என்றில்லாமல், இஷ்டப்பட்ட இடம் என்ற தேர்வு. இடம் கிடைத்தால் நுழையும் குணத்துக்கு புஷ்ஷி என்று ஒரு அளவு, 0லிருந்து 1 வரை. ஷேர் ஆட்டோவுக்கு அதைக் கூட்டி, கண்டெய்னர் லாரிக்கு 0லேயே விடுங்கள். இவ்வளவு நெருக்கமாக ஓட விட்டால் கணக்கு போடும் நேர இடைவெளியையும் குறைக்க வேண்டும், 1 வினாடிக்குப் பதில் 0.5 அல்லது அதற்கும் கீழே. வண்டிகளுக்கு இடையே நீங்கள் கொடுத்த நேர இடைவெளியை விட அது பெரிதாக இருந்தால் திரையில் வண்டிகள் மோதிக்கொள்ளும்.

கண்டெய்னர் லாரியின் வேகம் எடுக்கும் திறனைத் தனியாகக் கவனியுங்கள். காருக்கு இயல்பாக ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 2.6 மீட்டர் ஏறும். முழு லோடு ஏற்றிய டிரெய்லர் அதில் பாதி கூட ஏறாது. சிக்னலில் முதல் வரிசையில் ஒரு டிரெய்லர் நின்றால் அந்தப் பச்சையே போச்சு, பின்னால் இருப்பவர்கள் அடுத்த சுற்றுக்குத்தான். இதை மாடலில் சரியாகக் கொண்டுவந்துவிட்டால், "லாரி எண்ணிக்கை ரொம்பக் கம்மிதானே" என்று சொல்பவர்களுக்கு நல்ல பதில் கிடைக்கும்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சாலையை விட்டு ஒதுங்குகிறதா, லேனை அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்பதற்கு பார்க்கிங் என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். ஷேர் ஆட்டோவுக்கும் சந்திப்பைத் தாண்டிய இடத்தில் 10, 15 வினாடி நிறுத்தம் கொடுங்கள். அது நிற்கும் இடத்தில்தான் பாதிப் பிரச்சினை இருக்கிறது.

லாரி வரிசை

மாதவரம் பக்கமிருந்து மணலி எம்.எஃப்.எல் சந்திப்பு, சாத்தாங்காடு, எர்ணாவூர் வழியாக வந்து விரைவுச்சாலையில் தெற்கே இறங்கும் லாரி வரிசையைச் சாதாரணப் போக்குவரத்து மாதிரி ஓட விடாதீர்கள். அது துறைமுக வாசலில் எவ்வளவு வேகத்தில் உள்ளே விடுகிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம். கணக்கு எளிது. உதாரணத்துக்கு, மணிக்கு 120 லாரி வருகிறது, வாசலில் 100 தான் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 லாரி மிச்சம். ஒரு லாரிக்கு இடைவெளியோடு 19 மீட்டர் என்றால் மணிக்கு 380 மீட்டர் வரிசை வளரும், ஐந்து மணி நேரத்தில் 1.9 கிலோமீட்டர். ரோடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் இந்த வளர்ச்சி நிற்காது. அகலமான ரோட்டில் அது இரண்டு வரிசையாக நிற்கும், அவ்வளவுதான்.

சூமோவில் இதைச் செய்ய, இடது லேனின் கடைசியில் ஒரு நிறுத்தம் வைத்து, லாரி வகைக்கு மட்டும் அங்கே இத்தனை வினாடி நிற்க வேண்டும் என்று கொடுங்கள். ஒரு வாசலுக்கு 72 வினாடி என்றால் மணிக்கு 50 லாரி, இரண்டு வாசல் என்றால் 100. நிற்கும் நேரத்தை எல்லா லாரிக்கும் ஒரே மாதிரி கொடுக்காமல், சிலதுக்கு 40, சிலதுக்கு 150 என்று கலந்து கொடுங்கள், ஆவணம் சரிபார்ப்பதில் அப்படித்தான் நேரம் மாறும். இதன் பின்னால் வரிசை தானாக வளரும். இடையில் ஒரு தெரு வாயில் வந்தால், அதை அடைத்துக்கொண்டு நிற்கிறதா, விட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அந்தத் தெருவில் இருப்பவர்கள் வெளியே வர முடிகிறதா என்பதை எந்தச் சராசரி வேகமும் சொல்லாது, அதைத் தனியாக அளந்து எழுதுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஆம்புலன்ஸும் அந்த வாயிலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரயில்வே கேட்

ரயில் தண்டவாளத்தையும் வரைந்து ரயிலையும் ஓட விட்டால் சூமோவே கேட்டை மூடித் திறக்கும். ஆனால் சுலபமான வழி, கேட்டை நீண்ட சிவப்புள்ள சிக்னலாக வைப்பது. எத்தனை மணிக்கு மூடினார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று காலை முழுக்கக் குறித்து அப்படியே கொடுத்துவிடலாம்.

மாடலுக்குள் வராத ஒன்று இதில் இருக்கிறது. கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் டூவீலர்கள் ரோட்டின் முழு அகலத்துக்கும் பரவி, எதிர்ப்பக்க லேனிலும் வந்து நிற்கும். திறந்ததும் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின் மேல் நேருக்கு நேர் முட்டும், அதில் கொஞ்ச நேரம் எதுவுமே நகராது. சூமோ வண்டிகள் இப்படிச் செய்யாது, அழகாக அவரவர் பக்கம் போய்விடும். அதனால் கேட் திறந்ததிலிருந்து ஓட்டம் சீராகும் வரை எத்தனை வினாடி வீணாகிறது என்று நேரில் அளந்து, அத்தனை வினாடியைச் சிவப்போடு சேர்த்துவிடுங்கள். இது முரட்டு வழிதான், ஆனால் வரிசையின் நீளம் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

சரிபார்ப்பது

முதல் முறை ஓட்டிவிட்டு முடிவைச் சொல்ல ஓடாதீர்கள். மூன்று பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, சூமோவில் ஒரு வண்டி 300 வினாடி நகராமல் நின்றால் அதைத் தூக்கி முன்னால் போட்டுவிடும், டெலிபோர்ட் என்று பெயர். நம்ம ஊரில் ஐந்து நிமிஷம் நிற்பது சாதாரணம். லாரி வரிசையில் நிற்பவர்களைத் தூக்கிப் போட்டால் வரிசையே இல்லாமல் போய்விடும். அந்த அமைப்புக்கு -1 கொடுத்து நிறுத்துங்கள். அதன்பின் சந்திப்பு மொத்தமாகப் பூட்டிக்கொண்டால், வரைபடத்தில் எங்கேயோ இணைப்பு தப்பு என்று அர்த்தம், அதைத் தேடித் திருத்துங்கள்.

இரண்டு, ரோடு நிரம்பியிருந்தால் புதிய வண்டிகள் உள்ளே வர முடியாமல் வரைபடத்துக்கு வெளியே காத்திருக்கும். திரையில் தெரியாது. பயணத்தில் இழந்த நேரம் என்ற கணக்கிலும் வராது, புறப்பாட்டுத் தாமதம் என்று தனியாக எழுதியிருக்கும். அதையும் கூட்டாமல் பார்த்தால் மிக மோசமான நெரிசல் உள்ள மாடல்தான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். வரிசை வரைபடத்தின் விளிம்பைத் தொட்டால் கையை இன்னும் நீளமாக வரையுங்கள்.

மூன்று, வண்டிகளின் தற்செயலான ஏற்ற இறக்கங்களைத் தீர்மானிக்க சூமோவுக்கு ஒரு விதை எண் உண்டு. அது மாறாவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். விதையை மாற்றி மாற்றிப் பத்து முறையாவது ஓட்டி, வரும் விடைகளின் பரவலைப் பாருங்கள்.

எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்க்க ஜிஇஎச் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மாடலின் எண்ணுக்கும் நீங்கள் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நீங்கள் எண்ணியது மணிக்கு 800, மாடலில் 700 என்றால் விடை 3.65, பரவாயில்லை. மாடலில் 600 என்றால் 7.56, ஆகாது. 85 சதவீத இடங்களில் 5க்குக் கீழே வர வேண்டும் என்பது பொதுவாக வைக்கும் அளவுகோல். எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது, தனியே எடுத்துவைத்த வரிசை நீளத்தையும் பஸ் நேரத்தையும் இப்போது வெளியே எடுங்கள். மாடலில் பஸ் 9 நிமிஷத்தில் போகிறது, நீங்கள் போனபோது 17 நிமிஷம் ஆனது என்றால், இடைவெளி, பஸ் நிற்கும் நேரம், ஓடும் அகலம் ஆகிய மூன்றையும் திரும்பப் பாருங்கள். எண்ணிக்கையை மாற்றிப் பொருத்துவது மட்டும் கூடாது, அது நீங்கள் தெருவில் நின்று எண்ணியது.

ஒப்பிடுவது

இப்போது கேள்விக்கு வரலாம். இன்று இருக்கும் நிலையைப் பத்து விதைகளில் ஓட்டுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, அதே பத்து விதைகளில் மறுபடி ஓட்டுங்கள். பஸ் நேரம் 17லிருந்து 12 ஆனது என்று சொல்வதை விட, பத்து ஓட்டத்திலும் 3லிருந்து 6 நிமிஷம் வரை குறைந்தது என்று சொல்வதுதான் நேர்மை. மாடல் சொல்லும் தனி எண்ணை விட இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை நம்பலாம். பத்தில் நாலு ஓட்டத்தில் நேரம் கூடியிருந்தால், அந்த மாற்றத்தால் பெரிய பலன் இல்லை என்று எழுதிவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். வண்டி நிமிஷத்தைக் கணக்கு போடாதீர்கள், மனித நிமிஷத்தைக் கணக்கு போடுங்கள். காரில் ஒன்றிரண்டு பேர், ஷேர் ஆட்டோவில் ஆறேழு பேர், காலை நேரப் பஸ்ஸில் அறுபது பேருக்கு மேல். ஒவ்வொரு வகை வண்டியிலும் சராசரியாக எத்தனை பேர் என்று எண்ணும்போதே குறித்துவைத்து, இழந்த நேரத்தை அதால் பெருக்குங்கள். வண்டிக் கணக்கில் நல்லதாகத் தெரிந்த சிக்னல் மாற்றம் மனிதக் கணக்கில் கெட்டதாகிவிடலாம். நம்ம பக்கம் பெரும்பாலோர் பஸ்ஸிலும் டூவீலரிலும் போகிறவர்கள், நடந்து கடக்கிறவர்கள். நடந்து போகிறவர்களையும் சூமோவில் சேர்க்க முடியும், சேருங்கள்.

மழைக்காலம்

அடிப்படை மாடல் பொருந்திய பிறகு செய்து பார்க்க வேண்டிய நல்ல பயிற்சி ஒன்று உண்டு. பெரிய மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் இடையே போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இதற்கு ஒரு சந்திப்பு போதாது, பேசின் பிரிட்ஜ் பக்கமும் பெரம்பூர் பக்கமும் சேர்த்துக் கொஞ்சம் பெரிய பகுதி வேண்டும். வண்டிகளின் பாதையை மாற்றும் ரீரூட்டர் என்ற கருவியைச் சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் சாலைத்துண்டுகளின் மேல் வைத்து, சுரங்கப்பாதைத் துண்டு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை மூடல் என்று கொடுங்கள். இங்கே யாருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. போனில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வீட்டிலேயே பாதையை மாற்றிவிடுவார்கள், மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் திரும்புவார்கள். முன்கூட்டியே தெரிந்தவர்கள் பங்கை 20, 50, 80 சதவீதம் என்று மாற்றி ஓட்டி, சுரங்கப்பாதை வாயிலில் திரும்பத் தவிக்கும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். எந்தச் சந்திப்பில் "பாதை மூடல்" பலகை வைத்தால் அந்த எண்ணிக்கை அதிகம் குறைகிறது என்பது தெரிந்தால், மழைக்கு முன்னாலேயே வார்டு கவுன்சிலரிடமும் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அப்போது எண்ணிக்கைத் தாள்கள், எண்ணிய தேதி, அளந்த அகலங்கள், சூமோ கோப்புகள், விதை எண்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுக் கொடுங்கள், வேறு ஒருவர் அதே ஓட்டத்தை ஓட்டி அதே விடையை எடுக்க முடிய வேண்டும்.